ஒரே தொட்டியில எத்தனை டேங் (சர்ஜன் மீன்)? – கடல்மீன் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எங்க வீட்ல 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்துல ஒரு ரீஃப் (பவளப்பாறை) தொட்டி ஓடிட்டு இருக்கு, சாஃப்ட் கோரலும் கொஞ்சம் எல்பிஎஸ்ங்கற கல்லு மாதிரி கோரலும் வச்சிருக்கேன். ஒரு யெல்லோ டேங் ஒரு வருஷமா நல்லா இருக்கு. அதோட பர்ப்பிள் டேங், ப்ளூ டேங், பவுடர் ப்ளூ மூணையும் சேர்க்கணும்னு ஆசை. சின்ன சைஸ்ல வாங்கி விட்டா ஒண்ணாவே வளந்துக்கும்னு கடையில சொல்றாங்க. சேர்க்கலாமா? – மடிப்பாக்கத்துலேருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, நாலு அடியில அந்த மூணுமே வேணாம். வேணாம்னு மட்டும் சொல்லிட்டு போனா நாளைக்கு இன்னொரு மீனைப் பாத்து இதே சந்தேகம் வரும், அதனால காரணத்தையும் சொல்லிடறேன்.

எத்தனை டேங் வைக்கலாம்னு தான் எல்லாரும் கேக்கறாங்க, ஆனா நான் முதல்ல பாக்கறது எண்ணிக்கைய இல்ல, மீனோட வாய. டேங்குங்க நாள் பூரா பாறையில மேய்ஞ்சுட்டே இருக்கற ஜாதி, அதுங்க சண்டையில பெரும்பாலானது மேயற இடத்துக்காகத்தான். தன்னை மாதிரியே வாய், தன்னை மாதிரியே உடம்போட ஒருத்தன் வந்தா என் பாசியத் தின்ன வந்துட்டான்னு உடனே துரத்த ஆரம்பிச்சிடும். யெல்லோ, பர்ப்பிள், செயில்ஃபின், ஸ்கோபாஸ் இதெல்லாம் ஜீப்ரசோமாங்கற ஒரே பேரினம், நீட்டு மூஞ்சிய இடுக்குல விட்டு பாசிய பிடுங்கித் தின்னும். டோமினி, கோலே ரெண்டும் வேற வகை, சீப்பு மாதிரி மெல்லிசான பல்லு, பாறை மேலயும் கண்ணாடி மேலயும் படியற மெல்லிய படலத்த சுரண்டித் தின்னும், யெல்லோ டேங் பிடுங்கற பாசிக்கு அது போட்டிக்கே வராது. ப்ளூ டேங் கடல்ல நடுத்தண்ணியில மிதந்து வர்ற பிளாங்க்டன நிறைய தின்னற மீன், பாசியும் கொஞ்சம் கடிக்கும். பவுடர் ப்ளூ அகாந்தூரஸ்ங்கற இன்னொரு பேரினம், பாறை மேல மேயற கூட்டம், இந்த நாலுல ரொம்ப கோவக்காரன் அதுதான்.

இப்ப உங்க லிஸ்ட்ட பாருங்க. யெல்லோவும் பர்ப்பிளும் ஒரே வாய், ஒரே உடம்பு, நிறம் மட்டும் தான் வேற. கடல்ல இதுங்க ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது, யெல்லோ ஹவாய், ஜப்பானுக்கு தெக்க இருக்கற தீவுங்க பக்கம், பர்ப்பிள் செங்கடல், ஏடன் வளைகுடா பக்கம். நாம தான் ரெண்டையும் ஒரே கண்ணாடிக்குள்ள கொண்டு வந்து நிறுத்தறோம். அதுவும் ஒரு வருஷமா தொட்டிய ஆண்டுட்டு இருக்கற யெல்லோ கிட்ட புதுசா ஒரு பர்ப்பிள விட்டா முதல் அஞ்சு நிமிஷத்துலயே தெரிஞ்சிடும்.

அப்ப ஹவாய்ல யெல்லோ டேங் கூட்டமா மேயுதே, மாலத்தீவுல பவுடர் ப்ளூ பெரிய கூட்டமா வந்து டாம்சல்ங்கற சின்ன மீன் காவல் காக்கற பாசித் தோட்டத்த மொத்தமா காலி பண்ணுதேன்னு கேப்பீங்க. உண்மைதான். ஆனா அங்க தோத்துப் போன மீன் நீந்திட்டே போயிடலாம், அடி வாங்காத தூரத்துக்கு. உங்க தொட்டியில எந்தப் பக்கம் ஓடினாலும் நாலு அடியில கண்ணாடி வந்துடுது, மறுபடி திரும்பி அதே மீன் கிட்டதான் வரணும்.

சின்ன சைஸ் விஷயம். யெல்லோ 20 செமீ வரைக்கும் வளரும், பர்ப்பிள் 25, ப்ளூ டேங் 30 செமீ. கையகலம் கூட இல்லாம வாங்கற ப்ளூ டேங் நல்லா சாப்பிட்டா வேகமா பெருசாகும், நாலு அடியில அது ரெண்டு வீச்சு வீசினா சுவர் வந்துடும். கடல்ல யெல்லோ டேங் 30 வருஷத்துக்கு மேல வாழற மீன், அதனால கடையில இன்னிக்கு இருக்கற சைஸ வச்சு கணக்கு போடாதீங்க.

உங்களுக்கு நான் சொல்றது இதான்: யெல்லோ கூட ஒரு டோமினி இல்லன்னா ஒரு கோலே, அதோட நிறுத்திக்கங்க. டோமினி 15, 16 செமீ தாண்டாது, நாலு அடிக்கு சரியா இருக்கும், கண்ணாடியையும் சுத்தமா வச்சுக்கும். பாசி தின்ன இன்னொரு பெரிய மீன் வேணும்னா ஃபாக்ஸ்ஃபேஸ் பாருங்க, நம்ம கடற்கரையில ஓரான்னு சொல்றாங்களே அந்த குடும்பம் தான், டேங்குங்க அத பெருசா கண்டுக்காது, ஆனா அதோட முள்ளு விஷமுள்ளு, தொட்டிக்குள்ள கைய விடும்போது அது எங்க இருக்குன்னு பாத்துட்டு விடுங்க.

நாளைக்கு 6 அடிக்கு போறீங்கன்னா, அதாவது 6க்கு 2க்கு 2, சுமார் 680 லிட்டர், அப்ப உங்க ஆசைய பேசலாம். டோமினி முதல்ல, அப்புறம் ப்ளூ டேங், அப்புறம் யெல்லோ, பவுடர் ப்ளூ கடைசியிலயும் கடைசி. சாது முன்னாடி, முரடன் பின்னாடி, அந்த வரிசைய மட்டும் மாத்தாதீங்க. பர்ப்பிள் தான் வேணும்னு பிடிவாதமா இருந்தா யெல்லோவையும் பர்ப்பிளையும் ஒரே நாள்ல, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு நல்லா வித்தியாசம் தெரியற சைஸ்ல, புது தொட்டியில விடுங்க. சமமான சைஸ் ரெண்டு விட்டா யாரு பெரியவன்னு முடிவாகற வரைக்கும் அடிச்சுக்கும்.

ஒண்ணு மட்டும், அந்த யெல்லோவ நல்லா பாத்துக்கங்க. 2021லேருந்து ஹவாய்ல அக்வாரியத்துக்கு மீன் பிடிக்கறது நின்னு போச்சு, அதுக்கப்புறம் விலை எங்கயோ போயிடுச்சு. 2015ல ஹவாய்லயே ஆராய்ச்சிக்கூடத்துல முதல் தடவையா குஞ்சு பொரிக்க வச்சு வளத்தாங்க, இப்ப பண்ணையில வளந்த யெல்லோவே விக்கறாங்க. கிடைச்சா அதையே வாங்குங்க, பெல்லட் சாப்பிட்டு பழகினதா வருது, கடல்லேருந்து யாரும் புடுங்கிட்டு வரல, எனக்கு அது பெரிய நிம்மதி.

கேள்வி: சார், அவசரம். 5 அடி தொட்டியில பழைய யெல்லோ டேங் இருக்கு, நேத்து சாயங்காலம் ஒரு செயில்ஃபின் விட்டேன். விட்டதுலேருந்து யெல்லோ அதை போட்டு அடிக்குது, செயில்ஃபின் ஒரு மூலையில மேல ஏறி நிக்குது, சாப்பிடல. ரெண்டு நாள்ல சரியாயிடும்ங்கறாங்க, காத்திருக்கலாமா? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: காத்திருக்காதீங்க சார், இன்னிக்கே பிரிச்சிடுங்க.

துரத்தறது வேற, அடிக்கறது வேற. புது மீன் வந்தா மூணு நாலு நாள் துரத்தல் சகஜம், துரத்தினாலும் புதுசு வந்து சாப்பிடுதுன்னா விட்டுடலாம். நீங்க சொல்றது அது இல்ல. யெல்லோவ கிட்டக்க நின்னு பாருங்க, முதுகுத் துடுப்பையும் அடித் துடுப்பையும் முழுசா விரிச்சு தன்னை டபுள் சைஸா காட்டும், அப்புறம் எதிராளி பக்கத்துல தலைகீழா, அதாவது அதோட தலைப்பக்கம் தன்னோட வால் வர்ற மாதிரி ஒட்டி நின்னு, படக்குனு வால வீசும். வால் ஆரம்பிக்கற இடத்துல ரெண்டு பக்கமும் வெள்ளையா ஒரு முள்ளு மடங்கி இருக்குல்ல, அதுதான் கத்தி, வீசும்போது அது நிமிந்துக்கும். செயில்ஃபின் உடம்புல நேர்க்கோடா கீறல், கிழிஞ்ச துடுப்பு, பால் படிஞ்ச மாதிரி கண்ணு இதுல ஏதாவது தெரிஞ்சா அது கத்தி வேலைதான்.

பிரிக்கும்போது எல்லாரும் அடி வாங்கினத எடுப்பாங்க, அடிக்கறவன எடுங்க. யெல்லோவ சம்ப்லயோ (தொட்டிக்கு கீழ இருக்கற ஃபில்டர் தொட்டி), ஓட்டை போட்ட அக்ரிலிக் பாக்ஸ்ல தொட்டிக்குள்ளயேவோ ஒண்ணு ரெண்டு வாரம் வைங்க. அந்த நேரத்துல செயில்ஃபின் பாறையெல்லாம் சுத்திப் பாத்து தூங்க ஒரு இடம் பிடிச்சுக்கும், சாப்பாடும் பழகிடும். யெல்லோவ திருப்பி விடறதுக்கு முன்னாடி பாறைய கொஞ்சம் மாத்தி அடுக்கிடுங்க, அதுக்கு இது என் இடம்ங்கற அடையாளமே இல்லாம போகணும். விட்ட அன்னிக்கு ஒரு பக்க கண்ணாடிக்கு வெளிய முகம் பாக்கற கண்ணாடி ஒண்ண சாய்ச்சு வைங்க, கொஞ்ச நேரம் கோவத்த அது மேல காட்டிட்டு இருக்கும்.

பிடிக்கறதுக்கு ராத்திரி லைட் அணைஞ்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு போங்க, இடுக்குல தூங்கிட்டு இருக்கும், நிறம் மங்கி பக்கவாட்டுல ஒரு வெள்ளைக் கோடு தெரியும், அது நோய் இல்ல, ராத்திரி நிறமே அதுதான். வலை போடாதீங்க, கத்தி வலையில மாட்டிக்கிட்டு அதுவும் கஷ்டப்படும் நீங்களும் கஷ்டப்படுவீங்க, பிளாஸ்டிக் டப்பாவுல தண்ணியோடவே எடுங்க.

ரெண்டு வாரம் கழிச்சும் அதே அடிதான்னா ஒண்ண கடைக்கே திருப்பிக் குடுத்துடுங்க. செயில்ஃபின் 40 செமீ வரைக்கும் போற மீன், அஞ்சு அடி அதுக்கு எப்படியும் பத்தாது.

கேள்வி: பவுடர் ப்ளூ விட்டு ஒரு வாரத்துல அது மேல உப்பு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. ரெண்டு நாள் இருந்துச்சு, தானா மறைஞ்சுச்சு, இப்ப எல்லா டேங் மேலயும் வந்துடுச்சு. பூண்டு சாறு குடுக்க சொல்றாங்க, இன்னொருத்தர் தொட்டியிலயே காப்பர் மருந்து போட சொல்றார். – புதுச்சேரி வாசகர்

பதில்: காப்பர கோரல் தொட்டியில போடவே கூடாது, கோரல், இறால், நத்தை எல்லாம் போயிடும், பாறையும் மணலும் உறிஞ்சி வச்சுக்கும். பூண்டு பசியத் தூண்டும்னு வேணா சொல்லலாம், இந்த ஒட்டுண்ணிய கொல்லாது.

இது கடல் இக்ங்கற வெள்ளைப் புள்ளி நோய், கிரிப்டோகேரியான்ங்கற ஒட்டுண்ணியால வர்றது. புள்ளி மறைஞ்சுச்சு இல்ல, அன்னிக்கு குணமாகல, மீன் மேல சில நாள் தின்னுட்டு கீழ விழுந்து பாறையிலயும் மணல்லயும் கூடு கட்டிக்கிச்சு. ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் நூத்துக்கணக்குல குஞ்சுங்க உருவாகி திரும்ப மீனத் தேடி வரும், அதான் ரெண்டாவது ரவுண்டுல எல்லா டேங் மேலயும். டேங்குங்களுக்கு செதில் பொடிசு, இதுக்கு சீக்கிரம் மாட்டிக்கும், அதுலயும் பவுடர் ப்ளூ முதல் ஆளு. நம்ம பக்கத்து கடல்ல, இலங்கை மாலத்தீவு பக்கம் பிடிக்கற மீன் தான், ஆனாலும் பிடிச்சு, அடைச்சு, பயணம் பண்ணி வந்து சேர்றதுக்குள்ள சோர்ந்து போயிருக்கும்.

செய்ய வேண்டியது ஒண்ணுதான். டேங் மட்டும் இல்ல, க்ளவுன், டாம்சல், கோபி உட்பட எல்லா மீனையும் வேற தொட்டிக்கு எடுங்க, அதுல பாறை மணல் இருக்கக் கூடாது, ஒளிஞ்சுக்க பிவிசி குழாய் துண்டு போதும், காத்து நல்லா குமிழ் விடணும். கீலேட்டட் காப்பர ரெண்டு மூணு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி 2லேருந்து 2.5 பிபிஎம்ல கொண்டு வந்து 30 நாள் இறங்காம வைங்க, அந்த காப்பருக்கு ஏத்த டெஸ்ட் கிட்ல தினமும் பாருங்க, கண்ணளவு வேலைக்கே ஆகாது. அமோனியா ஏறினா தண்ணிய மாத்துங்க, மாத்தற தண்ணியிலயும் அதே அளவு காப்பர் இருக்கட்டும், அமோனியா கட்டற கண்டிஷனர காப்பரோட சேர்க்காதீங்க, விஷமாயிடும். மெயின் தொட்டி மீனே இல்லாம 76 நாள் காலியா ஓடணும். ரொம்ப நாள்தான், எனக்கும் தெரியும், ஆனா ஒரே ஒரு மீன விட்டு வச்சாலும் அந்த ஒட்டுண்ணிக்கு சாப்பாடு கிடைச்சிட்டே இருக்கும்.

புள்ளி உப்பு மாதிரி இல்லாம மாவு தூவின மாதிரி பொடியா இருந்து, மீன் வேகமா மூச்சு வாங்கி, தண்ணிய ஓட வைக்கற வேவ்மேக்கர் முன்னாடியே போய் நின்னுச்சுன்னா அது வெல்வெட்ங்கற வேற ஒட்டுண்ணி நோய். அதுக்கு சிகிச்சைய ஒரு ராத்திரி கூட தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: மூணு டேங் வச்சிருக்கேன், ஒண்ணுக்கு முகத்துல சின்னச் சின்ன குழியா அரிச்ச மாதிரி இருக்கு. சூப்பர் மார்க்கெட் நோரி (காய்ஞ்ச கடல்பாசி) குடுக்கலாமா? – சிங்கப்பூர் வாசகி

பதில்: குடுக்கலாம் மேடம், சூஷி சுத்தற வெறும் நோரி ஷீட் தான் வேணும். ஸ்நாக்ஸா விக்கற கொரியன் பாக்கெட்டுல எண்ணெய், உப்பு, எள்ளு எல்லாம் இருக்கும், அது வேணாம். உள்ளங்கை அளவு துண்டா வெட்டி கிளிப்ல மாட்டுங்க, ஆனா ஒரு கிளிப் போதாது. ஒரே இடத்துல வச்சா பெரியவன் காவல் நிப்பான், மத்த ரெண்டும் தூரத்துலேருந்து பாத்துட்டே இருக்கும். தொட்டிக்கு இந்த கோடி ஒண்ணு அந்த கோடி ஒண்ணு மாட்டுங்க, அவன் இங்க வரும்போது மத்தது அங்க தின்னும். வயிறு மேலேருந்து பாத்தா உள்வாங்காம இருக்கணும், அதுதான் அளவு.

முகக் குழிக்கு சாப்பாடு ஒரு காரணம், வைட்டமின் ஊறவச்சு குடுங்க. தண்ணிய சுத்தம் பண்ண கார்பன் போடறீங்களான்னும் பாருங்க, சர்ஜன் மீன்லயே சோதனை பண்ணி 2011ல வெளியான ஆய்வுல லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) கார்பன் போட்ட தொட்டி மீனுங்களுக்குத்தான் இந்த அரிப்பு வந்துச்சு. கார்பன கொஞ்ச நாள் எடுத்துட்டு பாருங்க, அப்புறம் வேணும்னா நல்லா கழுவின, தூள் உதிராத பெல்லட் கார்பன் போடுங்க.

கேள்வி: எங்க பையன் சினிமா பாத்துட்டு அந்த நீல மீன் வேணும்னு அழறான். 2 அடி தொட்டி வாங்கி ஒரே ஒரு ப்ளூ டேங் வச்சா போதாதா? – மதுரையிலேருந்து ஒரு அம்மா

பதில்: வேணாம்மா. ரெண்டு அடியில அந்த மீனுக்கு திரும்பவே இடம் இருக்காது. அந்த தொட்டியில ஒரு ஜோடி ஒசெல்லாரிஸ் க்ளவுன் வைங்க, பண்ணையில பொரிச்ச குட்டியா கேட்டு வாங்குங்க, பையனுக்கு அதுவும் தெரிஞ்ச மீன் தான். தொட்டிய வாங்கின உடனே மீன் விடாதீங்க, உப்புத் தண்ணி கலந்து பாறை போட்டு அமோனியாவும் நைட்ரைட்டும் சைபருக்கு வர நாலஞ்சு வாரம் ஆகும், அந்த டெஸ்ட்ட பையன் கையாலயே பண்ண விடுங்க. வெயில் காலத்துல தண்ணி 28 டிகிரி தாண்டினா மேல ஒரு சின்ன ஃபேன் வைங்க, ஆவியாகற அளவுக்கு ஆர்ஓ தண்ணிய மட்டும் ஊத்துங்க, உப்புத் தண்ணிய ஊத்தாதீங்க. கரண்ட் போனா ஓடற பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு முதல் நாளே வாங்கி வச்சிடுங்க.