நாகவல்லிக்குக் கொடை

அன்புள்ள அண்ணா,

ஃபாசில் இயக்கிய மலையாளப் படம் மணிச்சித்ரத்தாழை இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன், செல்போனில். அப்புறம் இணையத்தில் மற்ற பார்வையாளர்கள் எழுதியதையெல்லாம் தேடி வாசித்தேன். 'பேயே வராத படம் எப்படிப் பேய்ப்படம்?', 'தமிழ்ப் பெண்ணைப் பேயாகக் காட்டி நம்மை இழிவு செய்திருக்கிறார்கள்', 'மனநல மருத்துவர் கடைசியில் மந்திரவாதியோடு சேர்ந்துகொள்வது ஏமாற்று வேலை' என்று பலவிதமாகச் சொல்கிறார்கள். கடைசிக் கருத்து எனக்கும் சரியென்றே படுகிறது. இதைத் திகில் படம் என்று சொல்லலாமா?

சரவணன், கோவை

அன்புள்ள சரவணன்,

கோயில் கொடைக்கு, அதாவது எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு, வரி பிரிக்க வந்தவர்கள் சற்றுமுன்தான் போனார்கள். வில்லுப்பாட்டுக்கு இந்த வருஷம் யாரைக் கூப்பிடுவது என்று திண்ணையில் பெரிய சண்டை. அது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் கடிதத்தைப் படித்ததால்தான் உடனே பதில் எழுதுகிறேன். இல்லாவிட்டால், படம் முடிந்த கையோடு அடுத்தவன் என்ன சொன்னான் என்று தேடிப்போகிற ஆளிடம் என்ன பேச என்று விட்டிருப்பேன். இவ்வளவு நீளப் படத்தில் உங்களுக்கு எங்கே வயிற்றைக் கலக்கியது என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லையே தம்பி. அதுவும் செல்போனில்! 2024இல் 4கே தரத்தில் தியேட்டருக்கே திரும்ப வந்ததே, அப்போது எங்கே இருந்தீர்கள்?

இழிவு என்கிற புகாரைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கதாநாயகி கங்காவுக்குள் புகுந்து பேசுகிற நாட்டியக்காரி நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, சரி. அவளைக் கொண்டுவந்து அடைத்துவைத்துக் கொன்றவன் யார்? மலையாளத் தறவாட்டுக் காரணவர், அதாவது அந்தப் பெரிய வீட்டின் தலைவர், சங்கரன் தம்பி. கதை யார் பக்கம் நிற்கிறது என்று இன்னுமா தெரியவில்லை? இதையே கன்னடத்திலும், பிறகு 2005இல் தமிழில் சந்திரமுகியாகவும் எடுத்தபோது அந்த நாட்டியக்காரி தெலுங்கு பேசினாள். இந்திக்குப் போனதும் வங்காளம் பேசினாள். எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரியைத்தான் பேயாக்கியிருக்கிறோம். நாம் தெலுங்குக்காரியை ஆக்கியபோது இந்த ரோஷக்காரர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைப் பக்கம். படத்தின் சில பகுதிகளை எடுத்த பத்மநாபபுரம் அரண்மனை எங்கள் ஊர்ச் சொத்து மாதிரிதான், ஆனால் கேரள அரசின் பொறுப்பில் இருக்கிறது. 1956இல் எல்லை பிரித்தபோது மண் இந்தப் பக்கம் வந்தது, அரண்மனை அவர்களிடமே இருந்துவிட்டது. கங்காவாக நடித்த ஷோபனா மலையாளத்திலிருந்து தமிழுக்குத் தாவும்போது எங்களுக்கு அதனால் பயம் வரவில்லை, இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான் தாவுவார்கள். பயம் வந்தது குரலால். கங்காவுக்குக் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி, நாகவல்லிக்குத் துர்கா. ஃபாசில் இதை வெளியே சொன்னதே 2016இல்தான். அந்தக் கட்டிலைத் தூக்குகிற காட்சியில் முகம் மாறுவதற்குமுன் தொண்டை மாறிவிடுகிறது. பேய் எங்கே என்று கேட்பவர்கள் காதைக் கொஞ்சம் தீட்டிக்கொள்ளலாம்.

இப்போது மந்திரவாதி விஷயம். இதில் உங்களைச் சும்மா விடமாட்டேன்.

எங்கள் பக்கத்தில் இசக்கியம்மன் கோயில் இல்லாத ஊர் கிடையாது. இசக்கி யார்? வில்லுப்பாட்டில் பாடுகிற கதைப்படி, தாசி குலத்தில் பிறந்த லட்சுமி. நம்பிப் பின்னால் போனவளை, நகைக்கு ஆசைப்பட்ட காதலன் கள்ளிக்காட்டில் கொல்கிறான். அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். மணலைக் கூட்டிக் குவித்து, அவள் தலையை மெதுவாக அதில் இறக்கிவைத்துவிட்டு, கல்லைத் தூக்கிப் போடுகிறான். பார்த்த சாட்சி கள்ளிச்செடி மட்டும்தான். பாட்டுக்காரர் அந்த மணல் குவிக்கிற இடத்துக்கு வரும்போது அவசரப்படவே மாட்டார். ஒவ்வொரு கை மணலாக அள்ளிவைப்பார். குடமும் உடுக்கும் அடங்கியே ஒலிக்கும். கல் விழுந்ததும் எல்லாம் சேர்ந்து அதிரும். எங்கள் பெரியம்மைக்கு அங்கேதான் அருள் வரும். முதலில் கால் பெருவிரல் மண்ணை அழுத்திப் பிடிக்கும், பிறகு கொண்டை அவிழும், பிறகு எங்களுக்குத் தெரிந்த பெரியம்மை அங்கே இருக்கமாட்டாள். 'எனக்குள்ளது என்ன?' என்று கேட்பாள். ஊர் கொடுக்கும். சேவலும் கடாவும் வெட்டுப்படும். விடிந்ததும் ஒன்றும் நடக்காததுபோல அடுப்படியில் தேங்காய் திருவிக்கொண்டிருப்பாள்.

வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து அந்தப் படத்தைப் போட்டபோது இதே பெரியம்மை முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கிளைமாக்ஸ் வந்தது. துர்காஷ்டமி ராத்திரி, புகை, மந்திரவாதியாக வரும் திலகனின் சடங்கு. கங்காவின் கணவன் நகுலனைச் சங்கரன் தம்பி என்று நாகவல்லியின் வாளுக்குமுன் கிடத்துகிறார்கள், பலகை திரும்புகிறது, நகுலன் போய் பொம்மை வருகிறது, அவள் ஆசைதீர வெட்டுகிறாள். நாங்கள் சின்னப்பிள்ளைகள் பாயைக் கடித்துக்கொண்டிருந்தோம். பெரியம்மை மட்டும், "அவளுக்குள்ளது குடுத்தாச்சுல்லா மக்களே, இனி அடங்கிருவா" என்றாள்.

இதைத்தான் நீங்கள் ஏமாற்று என்கிறீர்கள்! டாக்டர் சண்ணி தோற்றுப்போய் மந்திரவாதியிடம் ஓடவில்லை. 'நாகவல்லி என்று யாருமில்லை, உனக்கு நோய்' என்று கங்காவிடம் அவர் ஆயிரம் முறை சொல்லியிருந்தாலும் அவளுக்குள் இருப்பவளின் கோபம் ஒரு அங்குலம் குறைந்திருக்காது. கொல்லப்பட்டவளின் கதையை முதலில் முழுசாகக் கேட்க வேண்டும், பிறகு அவள் கேட்பதைக் கொடுக்க வேண்டும், ஆனால் மனித உயிர்ச்சேதம் இல்லாமல். எங்கள் கொடையில் கடா வெட்டுப்படுவது யாருக்குப் பதிலாக என்று நினைத்தீர்கள்? அந்தப் பொம்மையும் அதேதான். திரைக்கதைக்காரர் மது முட்டம் எழுதியது மருத்துவப்படி சரியா என்று டாக்டர்களிடம் போய்க் கேளுங்கள், எனக்கு அதில் அக்கறையில்லை. கொடை முறைப்படி அது சுத்தமான வேலை. லாஜிக் இல்லை என்று எழுதுகிறவர்கள் ஒரு ராத்திரியாவது கோயில் முன்னால் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்களா?

ஆனால் படத்தின்மேல் எனக்கும் ஒரு குறை உண்டு. உண்மையில் அதுவும் பெரியம்மையின் குறைதான். கங்கா குணமாகிக் கணவனோடு கிளம்பிவிடுகிறாள், எல்லோரும் சிரித்த முகத்தோடு வழியனுப்புகிறார்கள். நாகவல்லிக்கு என்ன மிச்சம்? இசக்கியை அடக்கியதும் நாங்கள் துரத்திவிடுவதில்லை. பீடம் போட்டு, பிள்ளையைக் கையில் கொடுத்து, ஊருக்குள்ளேயே உட்காரவைக்கிறோம். "அந்தத் தெக்கினியிலேயே ஒரு பீடம் போட்டு வருஷத்துக்கு ஒரு விளக்கு வச்சிருக்கலாம், பாவி மட்டைகள்" என்று, நாகவல்லியை அடைத்துவைத்திருந்த அந்தத் தெற்குப் பக்கத்துக் கட்டடத்தைச் சொல்லிப் பெரியம்மை ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தாள்.

திகில் படமா என்று கேட்டீர்கள். ஆமாம், திகில் படம்தான். மறு ஆக்கங்களை இப்போதைக்குத் தொடாதீர்கள். இதையே விளக்கை அணைத்துவிட்டு டிவியில் போட்டு, கட்டில் காட்சியில் எந்த இடத்தில் பாக்யலட்சுமி போய்த் துர்கா வருகிறார் என்று கேட்டு எழுதுங்கள்.