‘தலைமைத் தளபதி பணிநீக்கம்’ என்று எழுதலாமா?

கேள்வி: நாளிதழ் ஒன்றில் உலகச் செய்திகளை மொழிபெயர்க்கிறேன். 2025 பிப்ரவரியில் ஜெனரல் சார்லஸ் பிரவுனை அதிபர் டிரம்ப் நீக்கியபோது, ‘அமெரிக்கத் தலைமைத் தளபதி பணிநீக்கம்’ என்று தலைப்பிட்டேன். தலைப்பே தவறு என்றார் செய்தி ஆசிரியர். எங்கே தவறினேன்?

பதில்: ‘தளபதி’, ‘பணிநீக்கம்’ ஆகிய இரண்டு இடங்களிலும் தவறியிருக்கிறீர்கள்.

அமெரிக்க அரசியல் சாசனம் தலைமைத் தளபதி என்று குறிப்பிடுவது அதிபரை மட்டுமே. பிரவுன் வகித்தது கூட்டுப் படைத் தலைவர்கள் குழுவின் தலைவர் பதவி. (விண்வெளிப் படையும் மரைன் படையும் அதில் அடக்கம் என்பதால் ‘முப்படை’ என்று எழுதுவதும் பொருந்தாது.) 1949இல் ஒமர் பிராட்லியோடு தொடங்கிய அந்தப் பதவிக்கு, ஒரே ஒரு படைப்பிரிவைக்கூட நகர்த்த ஆணையிடும் அதிகாரம் இன்று கிடையாது. 1986ஆம் ஆண்டின் கோல்டுவாட்டர்-நிக்கோல்ஸ் சட்டப்படி, உத்தரவு அதிபரிடமிருந்து பாதுகாப்பு அமைச்சருக்கும், அவரிடமிருந்து நேராகக் களத்தை நடத்தும் தளபதிகளுக்கும் போகிறது. குழுத் தலைவர் அதிபரின் முதன்மை ராணுவ ஆலோசகர், அவ்வளவே. உத்தரவு அவர் கை வழியாகப் போகலாம். அவருடைய உத்தரவாக ஆகாது.

அடுத்தது ‘பணிநீக்கம்’. எந்த ஜெனரலையும் அவர் வகிக்கும் பொறுப்பிலிருந்து விடுவிக்க அதிபருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ராணுவப் பணியிலிருந்தே ஓர் அதிகாரியை விலக்குவது வேறு: அமைதிக் காலத்தில் அதற்குப் பெரும்பாலும் ராணுவ நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும்; போர்க்காலத்தில் மட்டுமே அதிபரின் ஆணை போதும்.

இந்த வேறுபாட்டை, கொரியப் போரில் படைகளை நடத்திய ஜெனரல் டக்ளஸ் மெக்கார்தர் விவகாரத்தில் தெளிவாகப் பார்க்கலாம். அந்தப் போரை ஒரு வரம்புக்குள் நிறுத்த விரும்பிய அன்றைய அதிபர் ட்ரூமனின் கொள்கைக்கு மாறாக மெக்கார்தர் எழுதிய கடிதம் 1951 ஏப்ரல் 5 அன்று நாடாளுமன்றத்தில் படிக்கப்பட்டது. ட்ரூமன் பிராட்லியிடமும் மற்றப் படைத் தலைவர்களிடமும் கருத்துக் கேட்டார். முடிவைத் தானே எடுத்தார். ஏப்ரல் 11 அன்று மெக்கார்தரை விடுவிக்கும் ஆணையை அவர் இருந்த டோக்கியோவுக்கு அனுப்பியவர் பிராட்லிதான் என்றாலும், ஆணை அதிபருடையது. அதற்குள் வானொலிச் செய்தி முந்திக்கொள்ள, மதிய விருந்தில் இருந்த மெக்கார்தருக்கு மனைவிதான் விஷயத்தைக் காதோடு சொன்னார். மெக்கார்தர் உண்மையிலேயே களத் தளபதி. இழந்தது தளபதிப் பொறுப்புகளை மட்டுமே. ஐந்து நட்சத்திர ஜெனரல் என்ற முறையில், இறக்கும் வரை ராணுவப் பணிப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ‘பணிநீக்கம்’ என்ற சொல் அவருக்கே பொருந்தாதபோது, பிரவுனுக்கு எப்படிப் பொருந்தும்?

‘பதவி நீக்கம்’ என்றும் எழுத வேண்டாம். அமெரிக்கச் செய்தியில் அந்தச் சொல்லைக் கண்டதும் அதிபர்கள் மீது கொண்டுவரப்படும் தீர்மானம்தான் நம் வாசகருக்கு நினைவுக்கு வரும். ‘அமெரிக்கக் கூட்டுப் படைக் குழுத் தலைவர் பொறுப்பிலிருந்து பிரவுன் விடுவிப்பு’ என்பது சற்று நீளம்தான், ஆனால் சரி. 2010இல் ஆப்கானிஸ்தானில் படைகளை நடத்திய மெக்கிரிஸ்டல் போன்றவரைத் தாராளமாகத் ‘தளபதி’ என்று எழுதுங்கள். ஆனால் அவர் கொடுத்த விலகலை ஒபாமா ஏற்றுக்கொண்டார் என்பதால், அங்கே ‘ராஜினாமா ஏற்பு’ என்பதே சரியான சொல்.