ஐ.பி.68 போட்ட போன் கடல்காற்றில் ஏன் கெடுகிறது?

கேள்வி: குளச்சலில் பைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவன் நான். தண்ணீர் புகாது, ஐ.பி.68 என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, பத்து மாதங்களுக்கு முன்பு கூடுதல் பணம் கொடுத்து ஒரு போன் வாங்கினேன். அது ஒருமுறைகூடத் தண்ணீருக்குள் விழுந்ததில்லை. சட்டைப் பையில் இருக்கும்போது அலை தெறித்து நனைந்ததுண்டு, அவ்வளவுதான். இப்போது சார்ஜ் போடும் துவாரத்தில் பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது. கேபிளை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது. ‘ஈரம் உள்ளது’ என்று காலையில் எச்சரிக்கை வருகிறது. அரிசியில் இரண்டு நாள் போட்டுவைத்தும் பலனில்லை. தண்ணீர் பட்ட போனுக்கு வாரண்டி கிடையாது என்று சர்வீஸ் சென்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதைச் சரிசெய்ய முடியுமா? அடுத்த முறை ஐ.பி.69 என்று போட்டிருப்பதை வாங்கினால் தப்பிக்கலாமா?

பதில்: போன் இந்த நேரத்தில் சார்ஜில் கிடந்தால் முதலில் கேபிளைக் கழற்றிவிடுங்கள். கேபிளை அழுத்திப் பிடித்து நீங்கள் சார்ஜ் ஏற்றும் ஒவ்வொரு முறையும் அந்தத் துவாரம் இன்னும் கொஞ்சம் கரைகிறது. பேட்டரி தீர்ந்து போன் அணைந்து கிடந்தாலும் பாதகமில்லை. பழுது பார்க்கும்வரை அப்படியே இருக்கட்டும்.

உள்ளே நடப்பது இதுதான். யுஎஸ்பி-சி துவாரத்துக்குள் ஒரு சிறு நாக்கு இருக்கிறது. அதன் இரு பக்கமும் சேர்த்து 24 உலோக முனைகள். அடுத்தடுத்த முனைகளின் மையங்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர்தான் தூரம். உப்புநீர் ஒரு சொட்டு விழுந்தால் பல முனைகளுக்கு ஒரே நேரத்தில் பாலம் போட்டுவிடும். நல்ல தண்ணீரைவிடக் கடல்நீர் பல மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. இந்த நிலையில் சார்ஜரைச் செருகினால் 5 வோல்ட், வேகமாகச் சார்ஜ் ஏறும் போன் என்றால் 9 வோல்ட்டோ அதற்கு மேலோ அந்த ஈரத்தின் வழியாகவும் பாயும். கவரிங் நகைக்கு முலாம் பூசும் பட்டறையில் உப்புக் கரைசலுக்குள் மின்சாரத்தை விட்டு ஓர் உலோகத்தைக் கரைத்து இன்னொன்றின் மேல் படியவைக்கிறார்கள் அல்லவா? அதே வேலைதான் உங்கள் போனின் வாய்க்குள் நடக்கிறது. முனையின் மேல் இருக்கும் மெல்லிய தங்கப் பூச்சும் நிக்கலும் போய், அடியில் உள்ள செம்பு வெளியே வந்துவிட்டது. நீங்கள் பார்க்கும் பச்சை, செம்பின் களிம்பு.

‘தண்ணீரில் விழவே இல்லையே’ என்ற உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் தெறித்த நீர் காய்ந்தாலும் உப்பு காய்ந்து போய்விடுவதில்லை. ஆனி, ஆடி மழையில் அடுக்களை உப்புச் சாடியைத் திறந்து பாருங்கள். யாரும் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள், ஆனாலும் உப்பு கசிந்து நிற்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியும். நீரோடியிலிருந்து கன்னியாகுமரிவரை நம் கரையோரத்தில் அந்த அளவு ஈரம் ஆண்டின் பெரும்பகுதி இரவுகளில் இருக்கத்தான் செய்கிறது. பகலில் காய்ந்து கிடக்கும் உப்பு இரவில் நனைகிறது. தூங்கப் போகும்போது நீங்கள் சார்ஜ் போடுகிறீர்கள். காலையில் எச்சரிக்கை வருவதன் காரணம் இதுதான்.

அரிசி பலன் தராததும் இதனால்தான். உள்ளே படிந்த உப்பை அரிசியால் வெளியே எடுக்க முடியாது. அரிசித் துகள் போனுக்குக் கேடு செய்யலாம், அதில் போடாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் எழுதியது 2024-இல் செய்தியானது. அரிசியில் கிடந்த அந்த இரண்டு நாளும் உப்பு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கும். அந்த இரண்டு நாளில் பழுதுபார்ப்பவரிடம் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். ஐ.பி. என்பது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60529 என்ற தரநிலை. முதல் இலக்கம் தூசுக்கு. 6 என்றால் தூசு புகாது. இரண்டாவது தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை, ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே நிர்ணயித்துக்கொள்ளலாம். அதனால் ஒரு நிறுவனத்தின் 68 ஒன்றரை மீட்டரிலும் இன்னொன்றின் 68 ஆறு மீட்டரிலும் நிற்கும். நீங்கள் கேட்ட 9, ஏறத்தாழ 80 பாகை சூடான நீரை அருகிலிருந்து உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் சோதனை. இவை எல்லாமே நன்னீரில் நடப்பவை. உப்பு என்ன செய்யும் என்பதை இந்த எண்களில் எதுவும் சொல்லாது. ஆகவே கடலுக்காக மட்டும் ஐ.பி.69 போனுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

இதில் ஏமாந்தவர் நீங்கள் மட்டும் அல்ல. நீச்சல்குளத்திலும் கடலிலும் கேலக்ஸி போன்களைப் பயன்படுத்துவதாக விளம்பரம் செய்ததற்காக 2022-இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் சாம்சங்கின் ஆஸ்திரேலியக் கிளைக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஈரம் காயாமல் சார்ஜ் போட்டால் சார்ஜிங் துவாரம் அரித்துப்போகும் வாய்ப்பு உண்டு என்று அந்த வழக்கில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. உங்கள் போனுக்கு நேர்ந்தது அப்படியே அதுதான். அதற்கு முன்பு, 2020-இல், இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. ஆய்வகத்தில், அசையாத தூய நீரில் மட்டுமே பொருந்தும் தாங்குதிறனைப் பொதுவானதுபோல் விளம்பரப்படுத்தி, தண்ணீரால் கெட்டால் வாரண்டி இல்லை என்று கைவிரித்தது ஏற்கத்தக்கதல்ல என்பது அங்கே வந்த முடிவு. குளச்சல் கடற்கரையில் நிற்கும் ஒருவரும் இதே கேள்வியைக் கேட்கலாம் என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன்.

இன்னொன்று. கடையில் வாங்கிய அன்று இருந்த 68 இன்றைக்கும் அப்படியே இருக்காது. திரைக்கும் பின்பக்கத்துக்கும் ஓரமாக ஓடும் பசையும் சிம் தட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமும்தான் தண்ணீரைத் தடுப்பவை. வெயிலில் பசை தளரும், கீழே விழுந்தால் போனின் சட்டகம் மயிரிழை அளவு வளையும். திரையோ பேட்டரியோ மாற்றும்போது பழைய பசையை நீக்கிப் புதிதாக ஒட்டாவிட்டால் பாதுகாப்பு அத்தோடு போயிற்று. மணவாளக்குறிச்சி, சின்னவிளைப் பக்கம் இருப்பவர்களுக்கு மணலும் ஒரு தொல்லை. அந்தக் கரிய மணலில் உள்ள இல்மனைட் காந்தத்துக்கு இழுபடும் தாது; போனின் ஸ்பீக்கருக்குள் இருப்பதும் காந்தம்தான். ரப்பர் வளையத்தில் ஒரு மணல் சிக்கினால்கூட அந்த இடத்தில் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். சிம் தட்டைக் கடற்கரையில் வைத்துத் திறக்க வேண்டாம்.

உங்கள் போனைக் காப்பாற்ற முடியும் என்றே நினைக்கிறேன். பல ஆண்ட்ராய்டு போன்களில் சார்ஜிங் துவாரம் சப் போர்டு எனப்படும் தனிப் பலகையில் இருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும், மெயின் போர்டுக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் ஆகும். நாகர்கோவிலிலோ குளச்சலிலோ உங்களுக்கு நம்பிக்கையான கடைக்குப் போய், துவாரம் எந்தப் பலகையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். திறந்ததும் மெயின் போர்டின் இணைப்புகளிலும் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவச் சொல்லுங்கள். மூடும்போது புதிய பசை ஒட்டச் சொல்லுங்கள். பலர் கேட்க மறந்துவிடுவது இந்தக் கடைசி வேலையைத்தான். வீட்டில் குண்டூசியால் சுரண்டுவதோ கைக்குப் போடும் சானிடைசரை ஊற்றுவதோ கூடவே கூடாது. ஊசி முனைகளை வளைத்துவிடும், சானிடைசரில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும். போன் தொடாமலே சூடாகிறது, முதுகு உப்புகிறது என்றால் பேட்டரிக்குள் கேடு புகுந்திருக்கலாம். அப்போது அதை வீட்டுக்குள் வைக்காமல் உடனே கடைக்குக் கொண்டுபோங்கள்.

சரியாகி வந்த பிறகு என்ன செய்வது? கரைக்கு வந்ததும் வள்ளத்தின் வெளிப்பக்கம் மாட்டும் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீரை ஓடவிட்டு உப்பைக் கழுவுகிறோமே, போனுக்கும் அதேதான். ஐ.பி.67, 68 உள்ள போன், உடையாமலும் ஒருமுறையும் திறக்கப்படாமலும் இருந்தால், கடல்நீர் பட்ட அன்றே அணைத்துவிட்டு நல்ல தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்ச வேண்டாம், ஒரு பாத்திரத் தண்ணீர் போதும். துவாரம் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் தட்டி நீரை வடித்து, மின்விசிறிக் காற்றில் சில மணி நேரம் வையுங்கள். ஈர எச்சரிக்கை நின்ற பிறகே சார்ஜ் போடுங்கள். பழுதுபார்த்துத் திறந்து மூடிய போனை இப்படி அலசக் கூடாது, உங்கள் போன் இனி அந்த வகையில்தான் சேரும். எண்ணே போடாத போனுக்கும் இது பொருந்தாது. அதில் கடல்நீர் புகுந்தால் அணைத்து, அன்றைக்கே திறந்து கழுவக் கொடுப்பதுதான் வழி.

ஆகவே உங்களுக்குத் தேவை கழுத்தில் மாட்டும் நீர்புகாப் பை. புதுப் போனுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தோடு ஒப்பிட்டால் இதன் விலை ஒன்றுமே இல்லை. வாங்கியதும் போனை வைத்துவிடாதீர்கள். முதலில் ஒரு டிஷ்யூ தாளை மடித்து உள்ளே வைத்துப் பூட்டி, மேலே கல் ஏற்றி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்துங்கள். தாள் உலர்ந்தே வந்தால் நம்பலாம். மாதம் ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள், மடிப்பு விழுந்த இடத்தில்தான் பை கசியத் தொடங்கும். நண்பகல் வெயிலில் மூடிய பைக்குள் போன் கொதிக்கும் என்பதால் நிழலில் வைத்திருங்கள். அதற்காக ஐஸ் பெட்டியின் மேல் வைக்க வேண்டாம். குளிர்ந்த போன் ஈரக்காற்றுக்கு வரும்போது உள்ளேயே நீர் பூக்கும்.

கம்பியில்லாமல் சார்ஜ் ஏறும் போன் கைக்கு எட்டினால், அது உங்களுக்கு எந்த ஐ.பி. எண்ணையும்விடப் பயன்படும். துவாரத்தில் மின்சாரமே பாயாவிட்டால் அரிப்பு வெகுவாகக் குறையும். துவாரத்துக்குப் போடும் ரப்பர் அடைப்பானும் நல்லதுதான், ஆனால் உள்ளே உலர்ந்திருக்கும்போது மட்டும் போடுங்கள். ஈரத்தோடு அடைத்தால் உப்பை உள்ளே பூட்டி வைத்ததாகிவிடும். காந்தத்தில் ஒட்டும் சார்ஜிங் முனைகளை வாங்கவே வேண்டாம். அவற்றின் உலோகம் வெளியே திறந்து கிடப்பது.

எந்தப் போனை எப்படிக் காத்தாலும், கரையை விட்டு விலகினால் சிக்னல் போய்விடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு அதுதான் நேர்ந்தது. வள்ளத்தில் விஎச்எப் வயர்லெஸ்ஸும், செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவியும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போனுக்காக இவ்வளவு கவலைப்படும் நீங்கள் அவற்றையும் அதே அக்கறையோடு சோதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாரண்டி விஷயம். தண்ணீரால் ஆன சேதத்துக்குப் பொறுப்பில்லை என்பது பெரும்பாலான நிறுவனங்களின் விதிகளில் இருக்கிறது. வெறும் எண்ணை மட்டும் காட்டி வாதாடினால் எடுபடுவது கடினம். ஆனால் நீங்கள் வாங்கிய மாடலின் விளம்பரத்தில் கடலோ நீச்சல்குளமோ காட்டப்பட்டிருந்தால் நிலைமை வேறு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைத் தனியாகவே வரையறுக்கிறது. அந்த விளம்பரத்தைப் படம் பிடித்து வையுங்கள், பில்லையும் பெட்டியையும் எடுத்து வையுங்கள். சப் போர்டை மாற்றக் கொடுப்பதற்கு முன்பே சர்வீஸ் சென்டருக்கு மறுபடி போய், மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வெளியே ஒருமுறை திறந்த போனை அவர்கள் பார்க்கவே மறுக்கலாம். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதியுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே புகார்க் கட்டணம் கிடையாது.