கரண்ட் போய் வந்ததும் லினக்ஸ் சர்வர் முழுதாக எழாமல் எமர்ஜென்சி மோடில் நிற்கிறது. ஐஸ்கஸி (நெட்வொர்க் மூலம் டிஸ்க்கை இணைக்கும் முறை) வழியாக நாஸ் (நெட்வொர்க்கில் இருக்கும் தனி டிஸ்க் பெட்டி) டிஸ்க் இணைத்திருக்கிறேன். என்ன செய்வது?

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி ஆபீஸ் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கோடையில் கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்துவிட்டால், திரும்ப வரும்போது சர்வர் ஒரு நிமிஷத்தில் எழுந்துவிடும். நாஸ் எழ நாலு நிமிஷம் ஆகும். உங்கள் சிக்கலும் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஐஸ்கஸி டிஸ்க், நெட்வொர்க் வந்த பிறகே கண்ணில் படும். எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்ற பட்டியலான எஃப்எஸ்டேப்பில் வெறும் இஎக்ஸ்டி4 என்று ஃபைல் சிஸ்டம் வகையை மட்டும் எழுதினால், சர்வரை எழுப்பும் சிஸ்டம்டி அதைச் சர்வர் பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க்காக எடுத்துக்கொண்டு 90 நொடி காத்திருக்கும். வராவிட்டால் எமர்ஜென்சி மோடுதான். அதனால் யூயூஐடி (டிஸ்க்கின் மாறாத அடையாள எண்) போட்டு, ஆப்ஷனில் '_நெட்டெவ்' (இது நெட்வொர்க் டிஸ்க்), 'நோஃபெயில்' (டிஸ்க் வராவிட்டாலும் சர்வர் எழட்டும்) இரண்டையும் சேருங்கள். டிவைஸ் டைம்அவுட்டை 6 நிமிஷமாக்குங்கள். டிஸ்க் பெயரை எஸ்டிபி, எஸ்டிசி என்று எழுதாதீர்கள், சர்வர் எழும் ஒவ்வொரு தடவையும் அது மாறலாம்.

ஐஸ்கஸி லாகின் முயற்சி வழக்கமாக 8 தடவை, தடவைக்கு 15 நொடி. ஆக 2 நிமிஷம்தான். நான் 20 ஆக்கினேன். கான்ஃபிக் ஃபைலில் மாற்றினால் புதிதாகச் சேர்க்கும் டார்கெட்டுக்கு (நாஸ் தரும் டிஸ்க் இணைப்புக்கு) மட்டும்தான் பொருந்தும். ஏற்கெனவே இருப்பதை ஐஸ்கஸிஆட்மின் கட்டளை கொண்டு அப்டேட் செய்யுங்கள்.

'நோஃபெயில்' போட்டால் ஒரு ஆபத்து உண்டு. ஒருநாள் மதியம் டிஸ்க் மவுண்ட் ஆகாமல், அதாவது அதற்கான ஃபோல்டரில் இணையாமல் இருப்பதைப் பார்த்து, கையால் மவுண்ட் செய்தேன். ஐந்து நிமிஷத்தில் கணக்குப்பிள்ளை போன் செய்தார். "தம்பி, காலையில ஸ்கேன் பண்ண 17 இன்வாய்ஸும் காணோம்." வயிற்றைக் கலக்கிவிட்டது. அன்மவுண்ட் செய்து பார்த்தால், 17 இன்வாய்ஸும் டிஸ்க்குக்கு அடியில் இருந்த வெறும் ஃபோல்டரில் பத்திரமாக இருந்தன. டிஸ்க் இல்லாத நேரத்தில் ஸ்கேனர் அங்கே எழுதியிருக்கிறது. மேலே டிஸ்க் வந்ததும் மறைந்துவிட்டன.

அன்றே, மவுண்ட் ஆகாத நிலையில் அந்த வெறும் ஃபோல்டருக்கு 'சிஹெச்அட்டர் பிளஸ் ஐ' (எதையும் மாற்ற முடியாதபடி ஆக்கும் கட்டளை) போட்டேன். இனி ரூட் (சர்வரின் முழு அதிகாரி கணக்கு) கூட அதில் எழுத முடியாது. மவுண்ட் ஆவதற்குத் தடையில்லை. டிஸ்க் வராவிட்டால் ஸ்கேனர் உடனே எரர் காட்டும், எனக்குப் போன் வரும். இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

அப்புறம், ஒரே டிஸ்க்கை இரண்டு சர்வரில் இஎக்ஸ்டி4 ஆக மவுண்ட் செய்யவே கூடாது, டேட்டா கெட்டுவிடும். இணைப்பை எடுக்கும்போது முதலில் அன்மவுண்ட், பிறகுதான் லாகவுட்.