இருநூறு வாத்துக் குஞ்சுக்குச் சூடு கொடுக்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: செய்யாறு பக்கம் கிராமம் சார். மார்கழியில் 200 வாத்துக் குஞ்சு இறக்கப் போகிறேன், குஞ்சு 50 ரூபாய். சூட்டுக்கு பல்பு போட்டால் கரண்ட் பில் எகிறும், குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் கேஸ் புரூடர் வாங்கு என்கிறார் ஒருவர், இன்வெர்ட்டர் இல்லாமல் இறங்காதே என்கிறார் இன்னொருவர். இன்வெர்ட்டர், பேட்டரி சேர்த்து 28,000 ரூபாய். நகைக்கடன் வாங்கிப் போடலாமா?

பதில்: வேண்டாம், நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

முதலில் எல்லோரும் பயமுறுத்தும் அந்தக் கரண்ட் செலவைக் கணக்குப் போட்டுவிடுவோம். ஒரு குஞ்சுக்கு இரண்டரை வாட் என்று வைத்தால் 200 குஞ்சுக்கு 500 வாட், அதாவது 250 வாட் இன்ஃப்ராரெட் பல்பு (சூடு தருவதற்கென்றே செய்த பல்பு) இரண்டு போதும். முதல் வாரம் இரவும் பகலும் எரிந்தால் ஒரு நாளைக்கு 12 யூனிட், வாரத்துக்கு 84. இரண்டாவது வாரம் வெயில் ஏறியதும் அணைத்துவிட்டு சாயங்காலத்திலிருந்து காலை வரை ஒரு 14 மணி நேரம் எரித்தால் 49. மூன்றாவது வாரம் ராத்திரிக்கு மட்டும் ஒரே பல்பு, 21 யூனிட். மொத்தம் 154. யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று தாராளமாகவே போட்டாலும் 1,386 ரூபாய்தான், குஞ்சுக்கு 7 ரூபாய்கூட ஆகவில்லை. 28 குஞ்சு செத்தால் அந்த மொத்தக் காசும் போய்விடும். அதனால் பல்பை அணைத்து மிச்சம் பிடிக்கும் எண்ணத்தை முதல் வாரத்தில் அடியோடு விட்டுவிடுங்கள்.

பில்லில் ஒரே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 2022-ல் மாற்றிய வீட்டுக் கட்டண முறையில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு கோடு, அதைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்குக் கட்டணம் கூடுவதோடு 101 முதல் 200 வரை கிடைத்த குறைந்த கட்டணமும் போய்விடும். உங்கள் வீட்டில் ஏற்கெனவே 380 ஓடுகிறது என்றால் இந்த 154 சேர்ந்து 534 ஆகிவிடும். ரீடிங் எடுக்கும் தேதி நடுவில் விழுகிற மாதிரி குஞ்சை இறக்கினால் பாதி இந்த பில், பாதி அடுத்த பில். அப்புறம், வருஷம் முழுக்க வளர்ப்பதென்றால் எந்த வகை இணைப்பு வேண்டும் என்று மின்வாரிய ஆபீஸில் ஒருமுறை கேட்டு வந்துவிடுங்கள்.

கேஸ் புரூடர் ஐநூறு, ஆயிரம் என்று விடுகிறவர்களுக்குச் சரி, 200-க்கு அது அதிகம். வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்கு எடுக்கவும் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டியிருக்கும். குண்டு பல்பு கிடைத்தால் 100 வாட்டில் ஐந்து போட்டாலும் அதே சூடுதான், ஆனால் அடிக்கடி ஃப்யூஸ் போகும். எல்இடி பல்பு மட்டும் போட்டுவிடாதீர்கள், வெளிச்சம் வரும், சூடு வராது.

இப்போது இன்வெர்ட்டர். 28,000 ரூபாய்க்கு வருஷ வட்டி 10 சதவீதம் என்றாலே 2,800, அதாவது இரண்டு தடவை குஞ்சு வளர்க்கும் கரண்ட் காசு வட்டிக்கே போகிறது. அவ்வளவு கொடுத்தும் 150 ஏஎச் அளவு (வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும்) பேட்டரி ஒன்று 500 வாட்டை இரண்டு, இரண்டரை மணி நேரம்தான் தாங்கும்.

கரண்ட் போகும் என்ற பயம் மட்டும் நியாயமானது. சின்ன வயதில் பெரியப்பா வீட்டில் ஒரு ராத்திரி கரண்ட் போய், விடியற்காலையில் நாங்கள் பார்த்தபோது குஞ்செல்லாம் ஒரு மூலையில் குவியலாகக் கிடந்தது. மேலே இருந்தவை உயிரோடு கத்திக்கொண்டிருக்க, அடியில் நசுங்கிய முப்பதுக்கு மேல் போய்விட்டிருந்தன. குளிரைவிட மேலே ஏறி மிதித்ததில் போனவைதான் அதிகம். அதனால் மூலையே இல்லாதபடி தகரத்திலோ தடித்த அட்டையிலோ வட்டமாக வளையம் கட்டுங்கள். வெந்நீர் ஊற்றிய எவர்சில்வர் குடம் நாலு, மூடி இறுக்கி சாக்கு சுற்றி, வளையத்துக்குள் தள்ளித் தள்ளி வைத்து, மேலே பாதியைச் சாக்கால் மூடினால் மூன்று நாலு மணி நேரத்தைச் சமாளிக்கலாம், தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். செலவு விறகு மட்டும்தான். கரிச்சட்டி வைப்பதானால் கொட்டகையை அடைத்து மூடாதீர்கள், அந்தப் புகை குஞ்சையும் கொல்லும், பக்கத்தில் படுத்திருக்கும் ஆளையும் கொல்லும்.

நகைக்கடன் வாங்காமலே செய்யக்கூடிய சின்னச் செலவுகள் சில உண்டு. உபரியாக ஒரு பல்பு, பீங்கான் ஹோல்டர், தொங்கவிட இரும்புச் சங்கிலி. ஒயரிலேயே தொங்கவிட்டால் ஒரு நாள் அறுந்து தரையில் பரப்பிய உமியில் விழும், உமி பற்றிக்கொண்டால் கொட்டகையே போய்விடும். வாத்துக் குஞ்சு தண்ணீரை வாரி இறைக்கும், சூடான பல்பில் ஒரு துளி பட்டாலே வெடிக்கலாம், ஆகவே தண்ணீர்ப் பாத்திரம் பல்புக்கு எதிர் ஓரத்தில் இருக்கட்டும். உமி நனைந்தால் அன்றே மாற்றுங்கள், ஈர உமியில் நிற்கிற குஞ்சுக்கு எத்தனை வாட் போட்டும் பிரயோஜனமில்லை. தாய் வாத்து இல்லாமல் மெஷினில் பொரித்த குஞ்சின் மேல் எண்ணெய்ப் பூச்சு இருக்காது, சீக்கிரம் நனைந்து நடுங்கும், அதனால் மூன்று நாலு வாரம் குட்டைப் பக்கம் விடாதீர்கள்.

குஞ்சு வருவதற்கு முந்தின நாளே பல்பை எரியவிட்டு, குஞ்சு படுக்கும் உயரத்தில் ஒரு வெப்பமானி வையுங்கள். முதல் வாரம் 32 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்தால் போதும். வந்த அன்று ராத்திரி பத்து மணிக்கு ஒருமுறை எழுந்து போய்ப் பாருங்கள். பல்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கத்தினால் சங்கிலியை இறக்குங்கள், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஏற்றுங்கள், பரவலாகக் காலை நீட்டிப் படுத்திருந்தால் நீங்களும் போய்த் தூங்கலாம்.