கிலோவுக்கு 67 ரூபாய் 22 காசு: இந்தோனேசிய அட்டை பற்றி இரண்டு கேள்விகள்

கேள்வி: ஐயா, மருந்துப் பெட்டி, சோப்புப் பெட்டி செய்து கொடுக்கும் சிறிய யூனிட் வைத்திருக்கிறோம். இந்தோனேசிய அட்டைதான் வாங்கி வந்தோம். இப்போது 'கவர்மென்ட் குறைந்தபட்ச விலை வைத்துவிட்டது' என்று வியாபாரி ஏற்றிக் கேட்கிறார். உண்மையா? கடல் தாண்டி வரும் அட்டை உள்ளூர் அட்டையைவிட எப்படி மலிவாக இருந்தது? (வாசகி, சிவகாசி)

பதில்: உண்மைதான் அம்மா. 2025 ஆகஸ்ட் 22-ல் மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மரத்திலிருந்து எடுத்த புதுக் கூழில் பல அடுக்காகச் செய்யும் அட்டை, சரக்குக் கூலியும் காப்பீடும் சேர்ந்து டன் 67,220 ரூபாய்க்குக் குறைவாக நம் துறைமுகத்துக்கு வரக்கூடாது என்றது அது. 2026 மார்ச் 31 வரை என்று அதில் கெடு. பழைய பேப்பரில் செய்யும், பின்பக்கம் சாம்பல் நிறமான கிரே பேக் டுப்ளக்ஸ் அட்டை இதில் சேரவில்லை. அதற்கும் இதே காரணம் சொல்லி யாராவது விலை ஏற்றினால் நம்பாதீர்கள்.

மலிவுக்குக் காரணம் மரம். இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில், ரியாவு மாகாணத்தில் பெராவாங், பங்கலான் கெரிஞ்சி ஆலைகளைச் சுற்றி அக்கேசியாவும் யூகலிப்டஸும் பெருந்தோட்டமாக நிற்கின்றன. ஐந்தாறு வருடத்தில் வெட்டு. பங்கலான் கெரிஞ்சியில் கூழ், காகிதம், அட்டை எல்லாம் ஒரே வளாகத்தில் முடிகிறது. நம் ஆலைகளுக்கு அந்த வசதி இல்லை. 1988 தேசிய வனக் கொள்கைப்படி, ஆலைக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு சேர்ந்துதான் உண்டாக்க வேண்டும். மணப்பாறை பக்கம் மொண்டிப்பட்டியில் இருக்கும் டிஎன்பிஎல் (தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம்) அட்டை ஆலையானாலும் சரி, ஆந்திர ஆலைகளானாலும் சரி, சவுக்கும் சூபாபுல் மரமும் பெரும்பாலும் விவசாயி நிலத்திலிருந்துதான் வரவேண்டும். மர விலை ஏறினால் அட்டை விலையும் ஏறும். அதோடு, ஆசியான் வர்த்தக ஒப்பந்தத்தால் இந்தோனேசிய அட்டைக்குச் சுங்க வரி கிடையாது.

இந்தக் குறைந்தபட்ச விலையை நான் முழுசாக எதிர்க்கவில்லை. சவுக்கு போட்ட விவசாயிக்கு ஆலை ஓடினால்தான் காசு. ரியாவில் தோட்டத்துக்காகக் கரிநிலக் காட்டில் (மக்கிய தாவரம் அடர்ந்த சதுப்பு நிலம்) தண்ணீரை வடித்து, அது எரிந்து சிங்கப்பூர் வரை புகை போன கதையும் உண்டு. அந்தச் செலவு நமக்கு வரும் பில்லில் இல்லை. ஆனால் சுமை முழுவதும் உங்களைப் போன்ற சிறிய பெட்டிக்காரர் தலையில் இறங்குவது நியாயமே இல்லை. பெரிய கம்பெனி ஆலையோடு நேராகப் பேசி வருட விலை போட்டுக்கொள்ளும். நீங்கள் வாரத்துக்கு வாரம் கடையில் வாங்குகிறீர்கள்.

அப்புறம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் அட்டைக்கு 18 சதவீதம், பெட்டிக்கு 5 சதவீதம். வாங்கும்போது கட்டிய வரி விற்கும்போது முழுவதும் கழியாமல் உங்கள் கணக்கில் தேங்கும். இப்படித் தேங்குவதை ஆர்எஃப்டி-01 என்ற ஜிஎஸ்டி ரீஃபண்ட் படிவம் போட்டுத் திரும்பக் கேட்கலாம். ஆடிட்டரிடம் சொல்லி மாதாமாதம் போடுங்கள், வருடக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

இனி கொள்முதல். சென்னை ஆண்டர்சன் தெருவில் அட்டை விற்ற காலத்தில் வாடிக்கையாளர்களிடம் நான் அலுக்காமல் சொன்னது இது: கிலோ விலையைப் பார்க்காதீர்கள், சதுர மீட்டர் விலையைப் பாருங்கள். கிலோ 70 ரூபாய்க்கு 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 300 கிராம்) அட்டை என்றால் சதுர மீட்டர் 21 ரூபாய். கிலோ 75 ரூபாய்க்கு 270 ஜிஎஸ்எம் என்றால் 20 ரூபாய் 25 காசு. நல்ல பல்க் (எடைக்கு ஏற்ற கனம்) உள்ள அட்டையாக இருந்தால் 270-லேயே 300-ன் விறைப்பு கிடைக்கும். இறக்குமதி ஷீட் ஒன்றில் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று எனச் சம அகலத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். உள்ளூர் அட்டையிலும் அப்படியே வெட்டி, நீளத்தோடு நீளம், குறுக்கோடு குறுக்கு என்று பிடித்து வளைத்துப் பாருங்கள். எது தொய்கிறது என்று கையே சொல்லிவிடும். எந்த அட்டையானாலும் ஒரு பெட்டிக்கு டை கட் (அச்சு வைத்து வெட்டுவது) போட்டு ஒட்டிப் பார்க்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான்கு பேர் சேர்ந்து ஒரு கன்டெய்னர் நேராக இறக்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: இறக்கலாம். யார் பெயரில் இறக்குகிறீர்களோ அவருக்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டெண் வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து காகித இறக்குமதிக் கண்காணிப்புத் தளத்தில் பதிவும் கட்டாயம். சரக்கு வந்த பிறகு அதைத் தேடி ஓடாதீர்கள். வரி விலக்குக்கு 'ஏஐ' படிவத்தில் மூல நாட்டுச் சான்றிதழ் வேண்டும். அது கையில் இருந்தாலும் போதாது. சரக்கு உண்மையிலேயே அங்கே தயாரானதுதானா என்று சுங்கத்துறை உங்களைத்தான் கேட்கும். 2020-ல் வந்த விதி அது. ஆவணங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் இறக்கினால் பாலட்டின் (அட்டை அடுக்கி வரும் பலகைத் தட்டு) பிளாஸ்டிக் உறையை உடனே பிரிக்காதீர்கள். ஒரு நாளாவது அச்சு மிஷின் இருக்கும் ஹாலிலேயே கிடக்கட்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் ஓரம் அலை அலையாக எழும்பும், அந்த ஷீட் மிஷினில் நேராக ஓடாது.