கினிப்பன்றிக்குக் கழிச்சலும் கழுத்துக்கட்டியும்: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டம். பத்து முயல்களோடு, பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கிய மூன்று கினிப்பன்றிகளும் ஒரே கொட்டகையில் இருக்கின்றன. முயல் பெல்லட், மார்க்கெட்டில் கழிக்கும் முட்டைக்கோஸ் இலை, கடலைக்கொடி, காய்ந்த சோளத்தட்டை போடுகிறோம். நான்கு நாளாக ஒன்றுக்குப் புழுக்கை இளகிப் போகிறது. இன்னொரு பெண்ணுக்குத் தாடைக்கடியில் புளியங்கொட்டை அளவில் கட்டி. நான்கு வயது ஆண் ஒன்றுக்கு ஆசனவாய்ப் பக்கம் வீங்கினாற்போல் இருக்கிறது, நாற்றமும் அடிக்கிறது. மருந்துக்கடையில் குழந்தைகளுக்கான அமாக்சிசிலின் சிரப் கொடுத்தார்கள். கட்டி உள்ளதற்கு நேற்று இரண்டு வேளை ஊற்றினேன். புற்றுநோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அமாக்சிசிலினை உடனே நிறுத்துங்கள், இனி ஒரு வேளைகூட ஊற்றாதீர்கள். இப்போதைக்கு அந்தக் கட்டியைவிட அந்த சிரப்தான் ஆபத்து.

மாட்டுக்கு முன்வயிற்றில் நடக்கும் நொதிப்பு, கினிப்பன்றிக்குக் குடலின் பின்பகுதியில் நடக்கிறது. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் வயிற்றையே அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பை இருக்கும். நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் குடியிருப்பது அங்கேதான். அமாக்சிசிலின் அந்த நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். மருந்து கொடுத்த சில நாள்களில் தண்ணீராகக் கழிந்து சாகும். சிலது கழியாமலேகூடச் சாகும். பென்சிலின், ஆம்பிசிலின், செபலெக்சின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், வாய்வழி எரித்ரோமைசின் எல்லாம் இதே வகைதான். மாட்டுக்குப் போடும் ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த பென்சிலின் ஊசியையும் தொடவே கூடாது. அதிலுள்ள ஸ்ட்ரெப்டோமைசினும் புரோகெயினும் இந்தப் பிராணிக்கு நேரடி நஞ்சு.

இரண்டு வேளை கொடுத்துவிட்டதால் அந்தப் பெண்ணை ஒரு வாரம் கண்காணிக்க வேண்டும். பழம், கீரை எதுவும் வேண்டாம். நல்ல உலர்ந்த புல்லும் தண்ணீரும் எந்நேரமும் இருக்கட்டும். காலையும் மாலையும் சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதிவையுங்கள். சாப்பாடு குறைந்தாலோ, புழுக்கை சிறுத்தாலோ, இளகினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மருந்து வேண்டும் என்றால் என்ரோஃப்ளாக்சசின், சல்ஃபா–டிரைமெத்தோபிரிம் போன்றவற்றை மருத்துவர் எடைக்கேற்ற அளவில் எழுதித் தருவார். எது பொருந்தும் என்பதைச் சீழைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கினிப்பன்றியைப் பார்த்துப் பழகாத மருத்துவராக இருந்தால், "இதற்குப் பென்சிலின் வகை ஆகாதாமே" என்று நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

இனி மூன்றையும் எந்த வரிசையில் பார்ப்பது என்று சொல்கிறேன். வயிற்றுக் கோளாறுக்கு மணிக்கணக்கு, கட்டிக்கு நாள்கணக்கு. புற்றுநோய்ப் பயத்தில் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்து, பக்கத்தில் சாப்பிடாமல் சுருண்டு கிடப்பதை விட்டுவிடக் கூடாது. கினிப்பன்றி ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்தாலே குடல் ஓட்டம் நின்று, உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ப் படியத் தொடங்கும். அதன் பிறகு மீட்பது கடினம்.

கழிச்சல் உள்ளதற்கு முதலில் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று இருந்து, புழுக்கை உருவம் கலையாமல் கொஞ்சம் ஈரமாக மட்டும் இருந்தால், அது தீவனத்தால் வந்த இளக்கம். பச்சை இலை, பெல்லட், தானியம் எல்லாவற்றையும் இரண்டு நாள் நிறுத்தி உலர்புல் மட்டும் போட்டால் பெரும்பாலும் கட்டிவிடும். தண்ணீராகப் பீய்ச்சினாலோ, இரத்தமோ சளியோ கலந்தாலோ, காதும் பாதமும் சில்லிட்டாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். உங்களுடையது நான்கு நாளாக இளகிப் போகிறது. இன்னும் இரண்டு நாளில் சரியாகாவிட்டால் புதிய புழுக்கையை ஒரு சிறு டப்பாவில் எடுத்துப்போய்ச் சோதித்துவிடுங்கள். இளம் குட்டிகளுக்கு ஐமீரியா என்ற இரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணியும், எந்த வயதிலும் சால்மோனெல்லா என்ற குடல்கிருமியும் வரலாம். சால்மோனெல்லா மனிதருக்கும் தொற்றும். அதனால் பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சிய பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

வயிறு பறைபோல் விறைத்து, தட்டினால் 'டொம்' என்று கேட்டு, முதுகைக் கூனி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது உப்புசம். இரைப்பை முறுக்கிக்கொள்வதும் இந்த இனத்தில் உண்டு. இரவோ பகலோ, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை இது. மாட்டுக்கு ஊற்றுவதுபோல் எண்ணெயைப் புகட்டாதீர்கள். கினிப்பன்றியால் வாந்தி எடுக்க முடியாது, புகட்டுவது நுரையீரலுக்குப் போய்விடும். குழந்தைகளின் வாயுத்தொல்லைக்கான சிமெத்திகோன் சொட்டு மருந்து கெடுதல் செய்யாது. ஆனால் அதைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருந்தால் விடிவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

வயிறு விறைக்காமல், சாப்பாடு மட்டும் நின்றுபோனால் ஊட்டிவிட வேண்டும். கினிப்பன்றிப் பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சின் நுனியை வெட்டி நிரப்புங்கள். முன்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டாக நுழைத்து அரை மி.லி. விட்டு, மென்று விழுங்கிய பிறகே அடுத்தது. 900 கிராம் எடையுள்ளதற்கு ஒரு நாளைக்கு 50 முதல் 70 மி.லி. வரை, ஐந்தாறு தடவையாகப் பிரித்துக் கொடுக்கலாம். நீர் வற்றியிருந்தால் பாக்கெட்டில் சொன்ன அளவில் கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசலை இடையிடையே 3 முதல் 5 மி.லி. சொட்டுச் சொட்டாக விடுங்கள். கஞ்சி, பால், தயிர் வேண்டாம்.

தாடைக்கட்டிக்கு வருவோம். உங்கள் தீவனப் பட்டியலைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் புற்றில்லை, சோளத்தட்டை. முரட்டுத் தண்டும் கதிர்ச்சுணையும் வாயின் உட்புறத்தைக் கீறும். அந்தக் கீறல் வழியாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி நுழைந்து கழுத்து நிணநீர்க் கணுவில் சீழ் கட்டும். கினிப்பன்றியின் தாடைக்கடியில் வரும் கட்டிகளில் இதுவே மிகுதி. ஒன்றுக்கொன்று கடித்துக்கொண்ட காயத்தாலும் வரும், மற்றதற்கும் தொற்றும். எனவே அந்தப் பெண்ணை இன்றே தனிக்கூண்டுக்கு மாற்றுங்கள். தண்ணீர்க் குப்பியும் தட்டும் தனி.

பிதுக்க வேண்டாம், ஊசியால் குத்த வேண்டாம். உள்ளே இருப்பது கெட்டியான சீழ். அழுத்தினால் உள்பக்கம் உடைந்து இரத்தத்தில் கலக்கும். மருத்துவர் முதலில் மெல்லிய ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிப் பார்ப்பார். சீழ் என்றால் கீறி வடிப்பார், அல்லது கட்டியைப் பையோடு எடுத்துவிடுவார். மயக்க மருந்து தேவைப்பட்டால், நாய்க்குச் செய்வதுபோல் இரவு முழுக்கப் பட்டினி போடக் கூடாது. எத்தனை மணி நேரம் நிறுத்துவது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கீறிய பிறகு, வெறும் டீத்தண்ணி நிறத்துக்கு நீர்த்த போவிடோன் அயோடினால் ஒரு நாளைக்கு இரண்டு வேளை கழுவ வேண்டும். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொண்டால் மறுபடி சீழ் சேரும், அடியிலிருந்து ஆறி வருவதே நல்லது. அதுவரை உமி, மரத்தூள் படுக்கை வேண்டாம். பழைய வெள்ளைத்துணியோ தாளோ விரித்து தினமும் மாற்றுங்கள். ஈ உட்கார்ந்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். கொசுவலையால் கூண்டை மூடிவிடுங்கள். மாட்டுப்புண்ணுக்கு ஊற்றும் டர்பெண்டைன் இங்கே ஆகாது, நக்கித் தின்றுவிடும்.

நான்கு வயது ஆணுக்கு இருப்பது கட்டியாக இருக்க வாய்ப்பு குறைவு. வயதான ஆண்களுக்கு ஆசனவாயைச் சுற்றிய தோல்மடிப்பு தளர்ந்து, இளகிய புழுக்கை அதற்குள் உருண்டையாகச் சேர்ந்துகொள்ளும். நாற்றம் அதனால்தான். ஒருவர் பிராணியை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்து, பின்னங்கால்களைத் தாங்கிக்கொள்ளட்டும். இன்னொருவர் இளஞ்சூட்டுத் தண்ணீரிலோ தேங்காய் எண்ணெயிலோ நனைத்த பஞ்சை ஐந்து நிமிடம் ஒற்றி வைத்து, ஊறிய பிறகு இரு கட்டைவிரலாலும் மடிப்பை மெல்ல விரித்தால் உருண்டை வெளியே வரும். இழுக்கவோ சுரண்டவோ கூடாது. இது ஒருமுறையோடு தீராது, இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உலர்புல் கூடினால் புழுக்கை இறுகும், தேக்கமும் குறையும். மடிப்பின் இருபுறமும் பெரிதாகத் தெரிவது விதைகள். அதையே கட்டி என்று பதறி ஓடுகிறவர்களும் உண்டு.

மற்ற கட்டிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடுப்புக்குப் பின்னால், முதுகின் முடிவில் தோலோடு சேர்ந்து நகரும் உருண்டை பெரும்பாலும் மயிர்க்கால் கட்டி, புற்றில்லை. ஆனால் உடைந்து புண்ணாகும் என்பதால் எடுத்துவிடுவது நல்லது. அதே இடத்தில் பிசுக்காகக் கருத்திருந்தால் அது எண்ணெய்ச்சுரப்பி, கழுவினால் போதும். முலைக்காம்புக்கடியில் கடினமான கட்டி வந்தால், ஆணாக இருந்தாலும் தாமதிக்காதீர்கள். அதில் கணிசமானவை புற்று. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று பல இடத்தில் ஒரே நேரத்தில் கணுக்கள் வீங்கினால் நிணநீர்ப் புற்றைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு வயது தாண்டிய பெண்ணுக்கு இரு விலாவிலும் முடி கொட்டி வயிறு பருத்தால் கருப்பை அருகே சினைப்பையில் நீர்க்கட்டி. ஆணோடு இருந்திருந்தால் சினையாகவும் இருக்கலாம், 59 முதல் 72 நாளில் குட்டி போடும்.

உங்கள் கொட்டகையில் அடிப்படைக் கோளாறு தீவனம். கினிப்பன்றியின் உடம்பால் வைட்டமின் சி தயாரிக்க முடியாது, முயலால் முடியும். அதனால் முயல் பெல்லட்டில் அது சேர்ப்பதில்லை. வைட்டமின் சி குறைந்தால் புண் ஆறாது, ஈறு இரத்தம் கசியும், மூட்டு வீங்கி நொண்டும், வயிறும் கழியும். உங்களுடைய மூன்றுக்குமே இந்தக் குறை இருக்கலாம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் பொடித்து, கொதித்து ஆறிய 10 மி.லி. தண்ணீரில் கரைத்தால் ஒரு மி.லி.யில் 50 மில்லிகிராம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தினம் அரை மி.லி. வாயில் விடுங்கள். கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகச் செய்ய வேண்டும். குடிதண்ணீரில் கலந்தால் வீரியம் போய்விடும், சுவை பிடிக்காமல் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்ளும். வயிறு சரியான பிறகு குடைமிளகாய்த் துண்டு 20 கிராமும், கொய்யா ஒரு சிறு கீற்றும் கொடுத்தால் பெருமளவு ஈடாகும். நார்ச்சத்தை மட்டுமே நம்பியுள்ள குடலுக்கு மாற்றம் மெதுவாக வர வேண்டும், எந்தப் புதுத் தீவனத்தையும் ஒரு வாரம் எடுத்துப் பழக்குங்கள்.

நாளெல்லாம் தின்னப் புல் வேண்டும். அதன் 20 பற்களும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்வதற்குப் புல்லைத் தவிர வேறு வழியில்லை. அருகம்புல்லும், கதிர் வராத இளம் கொழுக்கட்டைப்புல்லும் நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தினால் போதும். கோ-4 போன்ற கம்பு நேப்பியரில் மேல் இலையை மட்டும் சிறிதாக நறுக்கிப் போடுங்கள், தண்டு வேண்டாம். மருந்தடித்த வரப்புப் புல்லும் வேண்டாம். மார்க்கெட் முட்டைக்கோஸ் இலையில் வெளிமடல்தான் இருக்கும், பூச்சிமருந்து அதிகம் படிவதும் அங்கேதான். வாயுவும் கூட்டும், நிறுத்திவிடுங்கள். கடலைக்கொடியில் சுண்ணாம்புச்சத்து மிகுதி. வளர்ந்த பிராணிக்கு அது சிறுநீர்ப்பைக் கல்லைக் கொடுக்கும், பூசணம் பிடித்திருந்தால் ஈரலையும் கெடுக்கும். சூபாபுல் கூடாது. மக்காச்சோள மணி, அரிசி, பிஸ்கட் எல்லாம் மாவுச்சத்து, நொதித்து உப்புசத்தில் விடும்.

முயலோடு ஒரே கொட்டகை என்பதையும் மாற்றுங்கள். முயலின் மூக்கில் நோயில்லாமலே குடியிருக்கும் போர்டெட்டெல்லா என்ற கிருமி கினிப்பன்றிக்குத் தொற்றினால் நிமோனியாவாகும். தனியறையும் தனித்தட்டும் வேண்டும், முயலைக் கையாண்ட பிறகு கை கழுவிவிட்டு இதைத் தொட வேண்டும். ஆண்டிஸ் மலைக்குளிரில் பிறந்த இனம் இது, 28 டிகிரிக்கு மேல் போனாலே திணறும். சித்திரை வெயிலில் தகரக்கூரைக்கடியில் வைத்தால் வேறு எந்த நோயும் தேவையில்லை.

மருத்துவரைப் பார்க்க உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது மூன்றின் எடைக் குறிப்பு, சிரப் பாட்டில், கொடுத்த அளவு, அன்றைய புழுக்கை ஆகியவற்றை எடுத்துப்போங்கள். பஸ்ஸில் போவதானால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் புல்லைப் போட்டு வையுங்கள், வழியிலும் அது மென்றுகொண்டே வரட்டும்.